குதிக்காத கண்

படியில் நின்றவளின் கையில் ஒரு காகிதம் இருந்தது. சதாசிவம் காகிதத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

“கிராணி ஐயா...”

“அங்கேயே நில்லு. கூப்பிடுறப்ப வா.”

ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் கடிகாரத்தில் மணி மூன்று. கணக்கெழுதும் கிராணி சதாசிவம் பென்சிலைச் சீவினான். சீவிய பென்சிலையே மறுபடியும் சீவினான். கண் மட்டும் சன்னலுக்கு வெளியே செம்மண் ரோட்டில் கிடந்தது.

அந்த ரோட்டில்தான் டாக்டர் துரையின் மோட்டார் வர வேண்டும். குறைந்தது, சீருடை போட்ட ஒரு பியூனாவது வர வேண்டும்.

டாக்டர் துரை ஒரு விசித்திரப் பிறவி. மனிதன் படிக்கும்போது கண் எப்படி அசைகிறது என்று பார்க்கக் கப்பல் ஏறி வந்தவர். முந்தாநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சதாசிவத்தை உட்கார வைத்து, புத்தகத்தின் வலது பக்கத்தைப் படிக்கச் சொன்னார். இடது பக்கத்தின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி. அதைப் பிடித்துக்கொள்ள, தரை கூட்டிக்கொண்டிருந்த கூலிப் பெண் ஒருத்தி. துரை பின்னால் நின்று, கண்ணாடியில் தெரிந்த அவன் கண்ணைப் பார்த்து என்னவோ எண்ணினார்.

கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லையாம். தவளை மாதிரிக் குதிக்குமாம், நிற்குமாம், மறுபடி குதிக்குமாம். குதிக்கவில்லை என்றால் அவன் படிக்கவில்லை என்று அர்த்தமாம். மருந்து கட்டும் டிரெஸர் இதைத் தமிழில் சொன்னபோது, கண்ணாடி பிடித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இதை எண்ணுவதற்கு ஒருவனுக்குச் சம்பளம்! சதாசிவம் மனசுக்குள் காறித் துப்பினான். ஆனால் அந்த வெட்டி வேலைக்கு ஓர் உதவியாள் தேவை. ஜொகூர் பாரு டவுனில் மேசை, தலைக்கு மேலே மின்விசிறி. மூன்று தோட்டத்துக் கிராணிகளைச் சோதித்தாகிவிட்டது. எடுத்துக்கொள்வது யாரை என்று இன்று சொல்லி அனுப்புவார். பெக்கோக் ஸ்டேஷனிலிருந்து நாலு மணி ரயிலில் கிளம்பியும் விடுவார்.

பதினோரு வருஷம் இந்தப் பால் நாற்றத்தில் போய்விட்டது. இதுவும் தவறினால் இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

“ஐயா, அவசரமுங்க.”

“உனக்கு என்னடி அவசரம்? பெரிய கவர்னர் வூட்டு விருந்து காத்துக்கிட்டு இருக்கா? நில்லு.”

மூன்றே கால். பெக்கோக்குக்குப் போகும் மாட்டு வண்டி ஒன்று ஆபீஸைத் தாண்டிப் போனது. மூன்றரை. ரோட்டில் ஒரு நாய் வந்து படுத்தது. மூன்றே முக்காலுக்கு, அவளை நிற்க வைப்பதும் சலித்துவிட்டது.

“கொண்டா.”

காகிதத்தில் ஆஸ்பத்திரி மருந்து நெடி அடித்தது. கூலிகள் குடியிருக்கும் லயத்து நாற்றத்துக்கு இது தேவலை என்று நினைத்துக்கொண்டான்.

“உம் பேரு கிருஷ்ணம்மாதானே?”

“ராசம்மாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஐயா, இது வந்து...”

“எல்லாம் தெரியும். வாயை மூடிக்கிட்டு கேளு.”

கூலிகளின் கடிதத்தில் படிக்க என்ன இருக்கிறது? பதினோரு வருஷமாக ஒரே கடிதம்தான் வருகிறது, மேலே பெயர்தான் வேறு. ஒரு மடிப்பை மட்டும் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்தான். காகிதத்தின் விளிம்புக்கு மேலே ரோடு நன்றாகத் தெரிந்தது.

“இங்கு யாவரும் சேமம். உன் சேமத்துக்கு எழுதவும். இந்த வருஷமும் மழை இல்லை. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை.”

“அம்மாவுக்கா?”

“ஆமா, அம்மாவுக்குத்தான். குறுக்கே பேசாதே. முடிந்தால் ஒரு சேலை கொடுத்தனுப்பவும். இப்படிக்கு, உன் அண்ணன்.”

காகிதத்தை மேசைக்கு அந்தப் பக்கம் வீசினான். அது தரையில் விழுந்தது.

“போ. அழுவுறதுன்னா லயத்துல போய் அழு.”

அவள் குனிந்து எடுத்தாள். போகவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரித்தாள்.

“என்னடி சிரிப்பு?”

“ஐயா கண்ணு குதிக்கவே இல்லீங்களே.”

அவனுக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடி பிடித்தவள்.

“கூட்டுறவளுக்கு ஆராய்ச்சி கேக்குதா? உனக்கு வந்த காயிதத்துக்கு என் கண்ணு குதிக்கணுமா?”

பெக்கோக் பக்கமிருந்து, கிளம்புகிற ரயிலின் ஊதல் கேட்டது. நீளமாக, ஒரு தடவை. கடிகாரத்தில் மணி நாலு. ரோட்டில் அந்த நாய் மட்டும் எழுந்து போனது.

ராசம்மா காகிதத்தை முழுசாகப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள்.

“எனக்கு யாருங்க காயிதம் போடப்போறா? நாலு மணி ரயிலுக்கு உங்களைக் கையோட கூட்டியாரச் சொல்லி, டாக்டர் தொரை குடுத்தனுப்பினதுங்க இது.”