மனைவிக்கு இரண்டு ஆல்பம்

அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுதான் அவன் தொழில். பதினெட்டு வருடமாக முகங்களோடு மாரடிப்பவன். இரட்டைப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தாலும் இன்னார் இன்னாரென்று தடுமாறாமல் சொல்லிவிடுவான்.

ஒரு நாள் காலையில் பார்த்தால், அவன் போன் வீட்டுப் படங்களை எல்லாம் ஆள்வாரியாகத் தானே பிரித்து வைத்திருந்தது. மகளுக்கு ஓர் ஆல்பம். மனைவிக்கு இரண்டு. ஒன்றில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள், இன்னொன்றில் முப்பத்தெட்டு.

“உன்னைப் போய் ரெண்டு பேருன்னு நெனச்சுக்கிச்சு பாரேன்!”

மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த மனைவி சிரித்தபடி எட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“இது நான் இல்லங்க.”

“டிரெஸ் உன்னோடதுதானே?”

“டிரெஸ் என்னோடதுதான். ஆள் நான் இல்ல.”

இரு ஆல்பத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து, நெற்றி, காது, தாடை என்று அவன் ஒப்பிட்டுப் பார்த்தான். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போனை மகளிடம் நீட்டினான்.

“இதுல அம்மா யாரு, சொல்லு?”

ஆறு வயதுக்காரி யோசிக்கவே இல்லை. முப்பத்தெட்டில் இருந்த படத்தைத் தொட்டாள்.

“இதுதான் அம்மா.”

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது. மனைவியின் கை சடையிலேயே நின்றிருந்தது. பேசத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவை ‘வா, போ’ என்றே பேசிய மகள், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“கொஞ்சம் சீக்கிரம் பின்னி விடுறீங்களா?” என்றாள்.