துரை வேடம்

"அன்ரி, உந்த மூக்கைப் பாருங்கோ. ஃபிரேமுக்கு வெளியிலதான் முடியும் போல கிடக்கு."

அஜின்கோர்ட் கடையொன்றில் படங்களுக்குச் சட்டம் போடும் ஸஜீத் சிரித்தான். மங்கையற்கரசியும் சிரித்து வைத்தாள்.

மேசையில் கிடந்தது ஒரு கேலிச்சித்திரம். நூறு வருசத்துக்கு முந்திய லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து கழற்றிய தாள். ஏதோ நாடகத்தில் துரையாக நடித்த வெள்ளைக்காரன். முழ நீள மூக்கு, முன்னால் தள்ளிய தாடை, வால் வைத்த கோட்டு, கொக்குப்போல் தூக்கிய ஒற்றைக் கால்.

போன ஞாயிறு, ஸ்ரௌவ்வில் ஊர்ப் பக்கம் யாரோ கராஜைத் திறந்து பழைய சாமான் விற்றார்கள். பெட்டிக்குள் இந்தத் தாளைக் கண்டதும் அவள் அங்கேயே, விற்க வைத்திருந்த கதிரை ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜனார்த்தனும் இப்படித்தான் நின்றான்.

பள்ளிக்கூட நாடகத்தில் அவளுடைய தம்பிதான் துரை. கோதுமை மாவில் செய்து ஒட்டிய மூக்கு, பாதி வசனத்தில் கழன்று விழுந்தது. அவன் அசரவில்லை. குனிந்து எடுத்து, மூக்குக்கு ஒரு சல்யூட் அடித்து, திரும்ப ஒட்டிக்கொண்டான். சனம் விசிலடித்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு நொந்தது.

அந்த நாடகப் படத்தையும், அவனுடைய மற்ற எல்லாப் படங்களையும், இரண்டு வருசம் கழித்து அவளே அடுப்பில் போட்டாள்.

இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படம் வீட்டில் இருக்கக் கூடாது, ஆமி வீடு வீடாகப் பார்க்குது என்றார்கள். நீ செய்ததுதான் சரி என்றும் பிறகு சொன்னார்கள்.

இப்போது தம்பியின் முகத்தை நினைத்தால் மூக்கு மட்டும்தான் வருகிறது. அதுவும் அந்த ஒட்டு மூக்கு.

இந்த நாட்டுக்கு வந்த பிறகும், மல்வேர்ன் வீட்டில் அம்மா கடைசிவரை அவனுக்கென்று ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். வேறு யாரும் அதில் குடிக்கக் கூடாது. அவன் வரமாட்டான் என்று சொல்லவும் கூடாது. வருவான் என்றால் வருவான்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை போன கிழமை முடிந்தது. அம்மாவின் படத்துக்கும் ஸஜீத்தான் சட்டம் போட்டான்.

"கறுப்புச் சட்டம் எடுப்பா இருக்கும் அன்ரி. கீழ உவன்ர பேர் இங்கிலிஷில கிடக்கு, அதுவும் தெரியட்டும் என்ன?"

"பேரை மூடிவிடுங்கோ, ஸஜீத். அம்மான்ர படத்துக்குச் செய்த மாதிரியே செய்யுங்கோ."

அளவு நாடாவை இழுத்த அவன் கை நின்றது.

அம்மாவின் படத்துக்கு மேல் மூலைகளில் இரண்டு சின்ன ஆணி அடித்திருந்தான், மாலை கொழுவ. கீழே பேரும் திகதிகளும் எழுதிய பட்டி.

அவன் மேசை லாச்சியைத் திறந்து, செத்தவர்களின் விபரம் எழுதும் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

பெயர். ஜனார்த்தன் என்று எழுதினாள்.

மலர்வு. பிறந்த நாள் தெரியும். எழுதினாள்.

உதிர்வு.

அவள் பேனையைத் தாளிலிருந்து எடுத்து நிமிர்ந்தாள்.

"இண்டைக்கு என்ன திகதி?" என்று கேட்டாள்.

ஸஜீத் சுவர்க் கலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

அவள் அதையே எழுதினாள்.