படத்துக்கு வெளியே போன கயிறு

பனிமலை உச்சியில் காற்று ஆளையே தள்ளியது. பூங்கோதை கையுறையைக் கழற்றினாள். குளிரில் சார்ஜ் இறங்கிவிடாமலிருக்க நெஞ்சோடு வைத்திருந்த பேட்டரியை எடுத்துக் கேமராவில் போட்டாள். விரல்கள் வெளுத்துவிட்டன. சிகரத்தில் நின்ற தோழர்கள் இருவரும் படத்துக்குள் அடங்கவில்லை. மூவர் இடுப்பையும் பிணைத்திருந்த கயிற்றை நம்பி, சரிவின் விளிம்பில் பின்னால் சாய்ந்தாள். கயிறு விறைத்தது. படம் பதிவானது.

மூவரும் கூடாரத்துக்குத் திரும்பியதும் கேமரா கயிற்றிடம் படத்தைக் காட்டியது.

"இந்த ரெண்டு பேருக்கும் என்ன தைரியம் பாத்தியா! சூரியன், சிகரம், எதையும் நான் விடலை. உன்னோட ஒரு முனை மட்டும் படத்தோட ஓரத்துல வெட்டுப்பட்டுப் போச்சு. கோவிச்சுக்காதே."

"எனக்கென்ன கோபம்?" என்றது கயிறு. "அந்த முனையிலதான் படம் எடுத்தவ இருந்தா."