பெட்டி மாடி ஏறியது

"அக்காவோட பெட்டி எங்க?"

வேலையிலிருந்து வந்த தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கீழ் அறைக் கட்டில் வெறுமனே கிடந்தது. அக்கா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மாடியில இருக்கு. இனிமே அண்ணிக்கு மேல் ரூம்தான்" என்றாள் மனைவி.

"உனக்கென்ன மூளை குழம்பிடுச்சா? கணுக்கால் உடைஞ்சு நம்ம வீட்டுக்கு வந்தவளை மாடி ஏறச் சொல்றியே."

"எலும்பு கூடி எத்தனையோ நாளாச்சு. ஏறலாமான்னு பிசியோதெரபி பொண்ணுகிட்ட கேட்டுட்டேன். தாராளமா ஏறலாம்னுச்சு."

அந்தப் பெண் பாவம், வாரா வாரம் வந்து தலையில் அடித்துக்கொண்டு போகிறாள். பாதத்தில் மாட்டி இழுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தாள். ஆரம்பத்தில் ஆர்வமாக இழுத்த அக்கா, அப்புறம் தொடவே இல்லை. கேட்டால் தலைவலி என்பாள். இல்லாவிட்டால் பட்டையைக் காணோம் என்பாள். இப்படியே விட்டால் மூட்டு இறுகிப்போய் ஆயுசுக்கும் கோல்தான் என்று போன வாரம் அந்தப் பெண் கறாராகவே சொல்லிவிட்டாள்.

அதற்காக மாடிக்கா துரத்துவது? நாத்தனாருக்குச் செய்து செய்து அலுத்துவிட்டது, வேறென்ன. தம்பி அப்படித்தான் நினைத்தான். நீங்களும் நானும் அங்கே இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

"உன்னைப் பெத்தவளா இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"விடுடா. ஏறிப் பாக்கறேன்" என்று அக்கா எழுந்தாள்.

ஒரு கையில் கோல், மறு கையில் கைப்பிடிச் சுவர். விழுந்தால் பிடிக்கத் தம்பி பின்னாலேயே இரண்டு கைகளையும் விரித்தபடி போனான். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். மேல்படியில் நின்ற மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாளே தவிர, இறங்கி வந்து கை கொடுக்கவில்லை.

"கல்நெஞ்சுக்காரி" என்று அவன் முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டது.

மாடி அறைக்குள் நுழைந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பெட்டி மட்டுமல்ல, அவள் வீட்டிலிருந்த சாய்வு நாற்காலி, ரேடியோ எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தன. தலையணைமேல் ரப்பர் பட்டை இருந்தது.

"கீழ மெத்தைக்கு அடியில கிடந்துச்சு, அண்ணி" என்றாள் மனைவி.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"ஏன்க்கா? கால் போயிடும்னு அவ்வளவு தூரம் சொன்னாங்களே" என்றான் தம்பி.

"கால் சரியாயிட்டா வீட்டுக்குப் போகணுமேடா. டெலிபோன் ஆபீஸ்ல உக்காந்து ஊரையெல்லாம் பேச வச்சவ நான். அங்க போனா எனக்குப் பேச்சுத்துணைக்குச் சுவர்தான் இருக்கு. நொண்டிக்கிட்டே இருந்தா இங்கயே கிடக்கலாம்னு ஒரு கேடுகெட்ட புத்தி. என் காலை நானே கெடுத்துக்கப் பாத்தேன்."

"பைத்தியமாக்கா நீ? உன்னை யாராவது போகச் சொன்னாங்களா?"

"இருன்னும் யாரும் சொல்லலையேடா."

அக்காவைத் தாங்கு தாங்கென்று தாங்கியவன்தான் தம்பி. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் சொல்லியிருக்கவில்லை.

மனைவி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"'சீக்கிரமே உங்க வீட்டுக்குப் போயிடலாம்'னு அந்தப் பொண்ணு சொன்னப்பவே உங்க முகம் செத்துப்போச்சு. பட்டை கையில கிடைச்சதும் எனக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு. கீழ் ரூம் வந்துட்டுப் போறவங்களுக்கு, அண்ணி. இந்த வீட்டு ஆளுங்க எல்லாரும் மாடியிலதான் தூங்கறோம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தலையணைமேல் இருந்த பட்டையை எடுத்துப் பாதத்தில் மாட்டினாள்.

"அந்தப் பொண்ணு எத்தனை தடவை இழுக்கச் சொன்னா?"