கோடு விழாத கார்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. ஒரு கார் கதை. சத்தமாகச் சொல்ல முடியாது. காருக்குச் சொந்தக்காரர் காதில் விழுந்தால் வம்பு.

அந்தச் சொந்தக்காரருக்கு ஒரு தங்கை. மூக்குக்கு மேலே கோபம் வருகிறவள். அன்றைக்கு அண்ணன் வீட்டு வாசலிலேயே வெடித்தாள்.

"அண்ணா! அப்பா கைத்தடியை ஊணிக்கிட்டு பஸ் ஸ்டாப்ல நின்னாரு. கண் டாக்டர்கிட்ட போறாராம். கூட வரேன்னா வேண்டாங்கறாரு. ஏத்திவிட்டுட்டு வரேன். இங்க உன் கார் போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது!"

அண்ணன் மண்டையைச் சொறிந்தார். "அவருக்கு பஸ்தான் வசதியாம்."

"அவர் சொல்றாரு. நீயும் நம்பற!"

விஷயம் இதுதான். கார் வாங்கின புதிதில், அப்பா இறங்கும்போது கைத்தடி நுனி கதவில் உரசி, முடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்தது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அப்பா மறந்திருப்பார். அந்தத் தடவலைப் பார்த்தவர், அதற்கப்புறம் கார் பக்கமே போகவில்லை.

உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். "என்னங்க, முடிவு பண்ணிட்டீங்களா? செராமிக் கோட்டிங் போடலாமா, வேண்டாமா?"

"அது என்ன கோட்டிங்?" என்றாள் தங்கை.

"கார் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு பூசுவாங்கம்மா. தண்ணி பட்டா தாமரை இலை மாதிரி உருண்டு ஓடிடும். சின்னக் கீறல் எதுவும் காரைத் தொடாதாம்."

"ஆபீஸ்ல ஒருத்தன் கண்டிப்பா போடுங்கறான். இன்னொருத்தன் வெட்டிச் செலவுங்கறான்" என்றார் அண்ணன். "எனக்குத் தூக்கமே போச்சு."

"பெத்தவர் பஸ்ஸுல இடிபடறாரு. காருக்குப் பூச்சு! நல்லா இருக்கு அண்ணி. கூந்தல் இருக்கறவ அள்ளி முடியறா."

அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் நாத்தனாருக்கு ஆகவே ஆகாது.

"போட்டே ஆகணுங்க. இது என் செலவு, நீங்க ஒண்ணும் கேட்கக் கூடாது. ரெண்டு நாள் காயணுமாம். யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாதாம், தூசி ஒட்டிக்குமாம்."

"உன் செலவா?" அண்ணனுக்குப் போன தூக்கம் அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

"கொழுப்பு" என்று முணுமுணுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் தங்கை கிளம்பினாள்.

அடுத்த மாதம் வேண்டாவெறுப்பாக வந்தவள், வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள்.

காருக்குப் போர்வை இல்லை. மினுமினு என்று நின்றது. முன் சீட்டில் ராஜா மாதிரி அப்பா! கைத்தடி கதவில் சாய்ந்திருந்தது.

"ஐயோ, தடியை எடுங்கப்பா! கோடு விழுந்துடும்!"

"விழட்டுமே!" என்றார் அண்ணன். "விழுந்தாலும் அது கோட்டிங்ல விழுற கோடு, கார்ல இல்ல. அந்தப் பழைய கோட்டைப் பாரு, பூச்சுக்கு அடியில எவ்வளவு பத்திரமா இருக்கு! நீ வேணா வளையலால உரசிப் பாரேன்."

"எனக்கு எதுக்கு வம்பு? எங்க கிளம்பிட்டீங்க?"

"டாக்டர்கிட்ட. அப்புறம் அப்பாவோட சிநேகிதர் வீடு. தினம் ஒரு சிநேகிதர் முளைக்கறாரு."

"டேய், ஹாரனை நான் ஒரு தடவை அடிச்சுக்கட்டுமா?" என்றார் அப்பா.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி அடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தங்கையின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணி, அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். நீங்க அப்பாவுக்காகத்தான் அந்தப் பூச்சு..."

"விடும்மா. உங்க அண்ணன் கெட்டவர் இல்ல. பயந்தாங்கொள்ளி. பயத்துக்கு ஒரு மருந்து வேணும்ல?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வாத்தியார் வந்தார். பேரப்பிள்ளைகளைக் காரில் ஏற்றும்போது செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிற மனுஷன்.

"அம்மா, உங்க கார் கண்ணைப் பறிக்குது. எந்தக் கடை? நம்ம காருக்கும் போடணும்."

"தெரிஞ்சவங்க கொண்டுபோனாத்தான் அங்க எடுப்பாங்க சார். சாவியைக் குடுங்க, நானே கொண்டுபோறேன். ஆனா ஒண்ணு, பூசினதும் பேரப்பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு நல்லா சுத்தணும். அதுங்க கையும் காலும் படப்படத்தான் பூச்சு இறுகும்."

"அப்படியா! சுத்திட்டாப் போச்சு" என்று வாத்தியார் சாவியைக் கொடுத்தார்.

"நானும் வரேன் அண்ணி. எங்க வீட்டுக்காரர் காருக்கும் கேட்கணும்" என்று தங்கையும் ஏறிக்கொண்டாள்.

அண்ணி ஓட்டினாள். கடைத்தெரு வந்தது, கார் நிற்கவில்லை. நாலு சந்து திரும்பி, அண்ணியின் அம்மா வீட்டுப் பின்புறத்தில் போய் நின்றது. கொடியில் ஒரு பழைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால், அப்பாவுடைய துண்டு.

"கடை எங்க அண்ணி?"

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினாள். சுவரோரம் கவிழ்த்திருந்த பக்கெட்டுகளில் ஒன்றை நிமிர்த்தி, அதில் ஷாம்பூவை ஊற்றி, நாத்தனார் கையில் ஒரு ஸ்பாஞ்சையும் திணித்தாள்.

"போன தடவை நம்ம காருக்கு மாமா தண்ணி டியூப் பிடிச்சாரு, நான் தேய்ச்சேன். இந்தத் தடவை நீ டயரைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள்.