டீலியாவின் பூட்ஸ்

கில்பிரைட் கிராமத்தில் யார் செத்தாலும், அவர்கள் கால் அளவுக்குச் செதுக்கிவைத்த மர அச்சை அடுப்பில் போட்டுவிடுவார் பூட்ஸ் தைக்கும் டார்பி. போனவர்களுக்கு பூட்ஸ் எதற்கு? காய்ச்சலில் போன ஏழு வயது டீலியாவின் அச்சை மட்டும் எரிக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவள் போன மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை காலை, டீலியாவின் தாய் ஹனோரா வந்து மகளின் பூட்ஸைப் பலகைமேல் வைத்தாள்.

"அடித்தோல் மாத்தணும் அண்ணே."

"மூணு வருஷமா உங்க வீட்டுப் பெட்டிக்குள்ள கிடக்கிற பூட்ஸ் எப்படிம்மா தேயும்?"

"பாதிரியார் எனக்குப் பைத்தியம்னுட்டார். நீங்களும் சொல்லிடுங்க."

டார்பி புரட்டிப் பார்த்தார். இடது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. டீலியா அப்படித்தான் காலைச் சாய்த்து நடப்பாள். ஆணி இடுக்குகளில் சதுப்பு நிலத்துக் கருமண் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. முன்பக்கத் தோல், கட்டைவிரல் முட்டியதுபோல் உள்ளிருந்து புடைத்திருந்தது. உள்ளே கையை விட்டார். இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

டீலியாவின் அச்சை எடுத்து, அதன் நீளம் கூடும்படி நுனியில் ஒரு தோல் துண்டை வைத்து ஆணி அடித்தார்.

"புதுசாவே தைச்சுத் தர்றேன்மா," என்றார். "ஒரு விரக்கடை பெருசாவே இருக்கட்டும். வளர்ற புள்ள."