தயக்கம் போக்கும் கருவி

வங்கிப் பணவண்டிக் காவலர் தனுஷ்கோடி, வீட்டிலேயே குண்டில்லாமல் சுட்டுப் பழக இரண்டு கருவிகளைப் பார்த்தார். ஒன்று சுவரில் வெறும் வட்டம் காட்டும். மற்றது, யாரைச் சுடக் கை தயங்குமோ அந்த முகத்தையே காட்டித் தயக்கத்தைப் போக்கிவிடும். துப்பாக்கி சுடும் தேர்வில் தவறினால் வேலை போய்விடும் என்பதால் இரண்டாவதையே வாங்கினார்.

முதல் நாளே சுவரில் மகள் இலக்கியாவின் முகம் வந்தது. விசையில் வைத்த விரல் அசையவில்லை.

“சும்மா சுடுங்கப்பா! நான் என்ன செத்தா போயிருவேன்?” என்று பக்கத்தில் நின்று கேலி செய்தாள் அவள்.

கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். “கண்ணைத் திறந்து சுடவும்” என்றது கருவி.

நாற்பதாம் நாள், “தயக்கம் இல்லை. தேர்ச்சி” என்றது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். இலக்கியா கைதட்டிக்கொண்டு எதிரே ஓடிவந்தாள். அந்த முகத்தைக் கண்டதும், வெறுங்கையில் ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது.